ஃப்ளூ காய்ச்சலில் குழந்தைக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து: கொடுப்பதா, வேண்டாமா?

ஃப்ளூ காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கு எழுதப்படும் வைரஸ் எதிர்ப்பு மருந்து பெரும்பாலும் ஓசல்டமிவிர்தான். டாமிஃப்ளூ, ஃப்ளுவிர், ஆன்டிஃப்ளூ என்று பெட்டியில் பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது இதுவே. ஒரு செல்லில் பெருகிய வைரஸ் அடுத்த செல்லுக்குப் போக நியூராமினிடேஸ் என்ற நொதி தேவை. அந்த நொதியை இம்மருந்து முடக்குகிறது. ஏற்கெனவே பெருகிவிட்ட வைரஸை அது அழிப்பதில்லை. அதனால்தான் இந்த மருந்தில் நேரம் முக்கியம். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். நாள் கூடக் கூடப் பலன் குறையும்.

இந்தியாவில் ஓசல்டமிவிர் எச்1 பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவரின் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் விற்கக் கூடாது. ஆகவே இறுதி முடிவு மருத்துவருடையது. ஆனால் அந்த முடிவுக்கு வேண்டிய பாதித் தகவல் பெற்றோரிடம்தான் இருக்கிறது: காய்ச்சல் எப்போது தொடங்கியது, குழந்தையின் எடை என்ன, வேறு என்ன நோய் உண்டு, நேற்றிரவு எத்தனை முறை சிறுநீர் போனது என்பதெல்லாம் வீட்டில் இருப்பவருக்கே தெரியும்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்

மற்றபடி ஆரோக்கியமான குழந்தைக்கு இம்மருந்து காய்ச்சலும் உடல்வலியும் நீடிக்கும் காலத்தை ஏறக்குறைய ஒரு நாள் குறைக்கிறது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் 2014ஆம் ஆண்டு மதிப்பாய்வு இதை 29 மணி நேரம் என்று கணக்கிட்டது. அதே மதிப்பாய்வில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் நோய்க்காலம் குறைந்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. காதில் சீழ் பிடிக்கும் தொல்லை ஓரளவு குறைவதாக 2018இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு காட்டியது. எதிர்ப்பக்கத்தில் வாந்தி இருக்கிறது. மருந்து எடுக்கும் 19 குழந்தைகளில் ஒரு குழந்தை மருந்தின் காரணமாகவே வாந்தி எடுக்கும் என்று கொள்ளலாம்.

ஆறு வயதுக் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்து, ஃப்ளூ வந்து, தண்ணீர் குடித்து, தூங்கி எழுந்து கொஞ்சம் தெளிகிறது என்றால், இந்த ஒரு நாள் லாபத்துக்காக மருந்தைத் தேடி அலையத் தேவையில்லை. எட்டு மாதக் குழந்தைக்கோ, நெஃப்ரோடிக் என்ற சிறுநீரக நோய்க்காக ஸ்டீராய்டு மருந்தில் இருக்கும் குழந்தைக்கோ கணக்கே வேறு. அங்கே கேள்வி ஒரு நாள் குறைவதைப் பற்றியதல்ல. நிமோனியா, மருத்துவமனை, ஐசியு ஆகியவற்றைத் தவிர்ப்பதைப் பற்றியது.

முடிவெடுக்கும் வரிசை

கீழுள்ள படிகளை எழுதியுள்ள வரிசையிலேயே பார்க்க வேண்டும். முதல் படியில் 'ஆம்' என்று வந்துவிட்டால் மற்றவற்றைப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது.

1. அபாய அறிகுறி உண்டா?

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 108.

- மூச்சு வேகமாக இருப்பது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். 2 மாதத்துக்குக் கீழ் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலே அது வேகமான மூச்சு.
- மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே உள்வாங்குவது, உதடோ நகமோ நீலம் பாய்வது.
- எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், வலிப்பு, பிதற்றல்.
- பால் குடிக்காதது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது.
- 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். இங்கே வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.
- காய்ச்சலும் இருமலும் குறைந்து, பிறகு மறுபடி கூடுவது. ஃப்ளூவின் மேல் பாக்டீரியா நிமோனியா ஏறியிருக்கலாம்.

இந்த நிலையில் உள்ள குழந்தைக்கு 48 மணி நேரக் கெடு பொருந்தாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஆனாலும் மருத்துவமனையில் ஓசல்டமிவிர் தொடங்குவார்கள்.

2. குழந்தை ஆபத்துக் கூடிய வகையைச் சேர்ந்ததா?

5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள், அதிலும் 2 வயது நிறையாதவர்கள், முதலில் வருவார்கள். வயது எதுவானாலும் பின்வரும் நிலைகள் இருந்தால் அதே வகைதான்: ஆஸ்துமா உள்ளிட்ட நாள்பட்ட நுரையீரல் நோய், பிறவி இதயக் கோளாறு, சிறுநீரக அல்லது கல்லீரல் நோய், சர்க்கரை நோய், அரிவாள் செல் சோகை போன்ற இரத்த நோய்கள், பெருமூளை வாதம், வலிப்பு நோய், புற்றுநோய் சிகிச்சை, நீண்ட நாள் ஸ்டீராய்டு, மிகையான உடல் பருமன். கவாசாகி நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தையும் இதில் சேரும். ஃப்ளூவும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரெய் நோய்க்குறி என்ற மூளை, கல்லீரல் பாதிப்பு வரும் அபாயம் உண்டு.

'வீசிங் எப்போதாவதுதான் வரும்' என்று சொல்லாமல் விடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு தடவை நெபுலைசர் வைத்த குழந்தையாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

3. எத்தனை மணி நேரம் ஆயிற்று?

காய்ச்சல் தொடங்கிய நேரத்தைத் தாளில் எழுதி வைப்பது நல்லது. 'முந்தாநாள் சாயங்காலம்' என்பதும் 'நேற்று ராத்திரி' என்பதும் மருத்துவருக்கு இருவேறு முடிவுகள். ஆபத்துக் கூடிய வகைக் குழந்தை என்றால் முதல் நாளே காட்ட வேண்டும். 'மூன்று நாள் பார்ப்போம்' என்ற வழக்கமான பொறுமை இங்கே உதவாது. ஆரோக்கியமான பெரிய குழந்தைக்கு 48 மணி நேரம் கடந்து, அபாய அறிகுறியும் இல்லையென்றால், மருந்து பற்றிய கேள்வி பெரும்பாலும் அத்துடன் முடிந்தது.

4. இது ஃப்ளூதானா?

திடீரென ஏறும் காய்ச்சல், உடல்வலி, தலைவலி, வறட்டு இருமல், தொண்டை வலி ஆகியவை ஃப்ளூவின் பக்கம் சாய்பவை. மூக்கு மட்டும் ஒழுகி, குழந்தை ஓடி விளையாடினால் சாதாரணச் சளி. சிறு குழந்தைகளுக்கு ஃப்ளூவுடன் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருவதுண்டு.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஃப்ளூவும் டெங்குவும் ஒரே தெருவில் சுற்றும். இருமலும் சளியும் இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, வயிற்று வலி, தோலில் சிவப்புப் புள்ளி, ஈறில் இரத்தம் என்றால் டெங்குப் பரிசோதனை முந்த வேண்டும். ஓசல்டமிவிர் டெங்குவுக்கு எந்த வேலையும் செய்யாது. டெங்குவின் ஆபத்து காய்ச்சல் இறங்கும் நாளில்தான் தொடங்கும் என்பதால், 'மருந்து வேலை செய்துவிட்டது' என்று ஏமாறவும் இடமுண்டு.

5. பரிசோதனை வேண்டுமா?

மூக்கில் ஸ்வாப் எடுத்துச் செய்யும் துரிதப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்தால் பெரும்பாலும் நம்பலாம். 'நெகட்டிவ்' என்றால் ஃப்ளூ இல்லை என்று அர்த்தமல்ல. இது கணிசமான நோயாளிகளைத் தவறவிடும் சோதனை. ஆர்டி-பிசிஆர் துல்லியமானது, ஆனால் முடிவு வர நேரமாகலாம். ஆபத்துக் கூடிய குழந்தைக்கும் கடுமையாக நோயுற்ற குழந்தைக்கும் முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே முறை. இலேசான காய்ச்சலுள்ள ஆரோக்கியமான குழந்தைக்குப் பரிசோதனையே தேவையில்லை.

வழிகாட்டுதல்கள் ஏன் ஒன்றுபோல் இல்லை

இணையத்தில் தேடும் பெற்றோர் இங்கேதான் குழம்புவர். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி தாராளமானது: ஆபத்துக் கூடிய குழந்தைக்குக் கட்டாயம் கொடுக்கச் சொல்கிறது, 48 மணி நேரத்துக்குள் வரும் ஆரோக்கியமான குழந்தைக்கும் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் நேர் எதிராகக் கையை இறுக்கிப் பிடிக்கிறது: கடுமையற்ற ஃப்ளூவுக்கு ஓசல்டமிவிர் வேண்டாம், கடுமையான ஃப்ளூவுக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்நிறுவனத்தின் இந்த இரண்டு பரிந்துரையும் நிபந்தனையுடன் கூடியவை; சான்று உறுதியாக இல்லை என்று பொருள்.

இந்திய அரசு 2009 எச்1என்1 பரவலின்போது வகுத்த ஏ, பி, சி பிரிவு இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. இலேசான காய்ச்சலும் இருமலும் 'ஏ'. மருந்தும் பரிசோதனையும் வேண்டாம், 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் இருந்தால், அல்லது இலேசான அறிகுறியுடன் ஆபத்துக் காரணி சேர்ந்தால் 'பி'. வீட்டிலேயே வைத்து ஓசல்டமிவிர். மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு, உணவு மறுப்பு என்றால் 'சி'; உடனே அனுமதி, பரிசோதனை, சிகிச்சை. வீட்டில் இருந்து முடிவெடுப்பவருக்கு மூன்றிலும் எளிதாகப் பயன்படுவது இந்தப் பிரிவுதான். காய்ச்சல்மானி காட்டும் எண்ணை மட்டும் அது கேட்பதில்லை. குழந்தையின் நிலையைக் கேட்கிறது.

மருந்து எழுதப்பட்டால்: அளவைச் சரிபார்த்தல்

அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. அன்றே எடை பார்க்க வேண்டும். போன வருட மதிப்பெண் அட்டையில் இருந்த எடை உதவாது. சிகிச்சைக்கு நாளைக்கு இருவேளை, 5 நாள். ஒரு வேளைக்கான அளவு:

- 1 வயதுக்குக் கீழ்: கிலோவுக்கு 3 மி.கி. (குறைமாதக் குழந்தைக்கு அளவு வேறு, நிபுணர்தான் சொல்ல வேண்டும்)
- 1 வயதுக்கு மேல், 15 கிலோ வரை: 30 மி.கி.
- 15 முதல் 23 கிலோ வரை: 45 மி.கி.
- 23 முதல் 40 கிலோ வரை: 60 மி.கி.
- 40 கிலோவுக்கு மேல்: 75 மி.கி.

இது தானாக மருந்து கொடுப்பதற்கான பட்டியல் அல்ல, சீட்டில் உள்ளதை ஒப்பிட்டுப் பார்க்க. பொருந்தவில்லையென்றால் முதல் வேளைக்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கு அளவு குறையும், ஏனெனில் இம்மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது.

பெரிய தவறு நடப்பது சிரப்பில். இந்தியக் கடைகளில் ஒரு மி.லி.யில் 12 மி.கி. உள்ள சிரப் பரவலாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் 6 மி.கி. உள்ளது. 18 கிலோ குழந்தைக்கு 45 மி.கி. என்றால் முதல் வகையில் 3.75 மி.லி., இரண்டாம் வகையில் 7.5 மி.லி. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த புட்டியையோ, இணையத்தில் பார்த்த மி.லி. அளவையோ அப்படியே பின்பற்றினால் மருந்து இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும். சீட்டில் மி.கி.யும் மி.லி.யும் இரண்டும் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கொடுக்கும் முறை

1. தூளாக இருந்தால் மருந்துக்கடைக்காரரிடமே தண்ணீர் கலந்து வாங்குவது பாதுகாப்பானது. எத்தனை நாள் வைத்திருக்கலாம், குளிர்சாதனப் பெட்டி வேண்டுமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். புட்டியின் மேல் பார்க்க வேண்டும்.
2. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். அடியில் மருந்து தங்கினால் முதல் நாள் குறைவாகவும் கடைசி நாள் அதிகமாகவும் போகும்.
3. ஊசி இல்லாத சிரிஞ்சால் அளக்க வேண்டும். சமையலறைக் கரண்டியோ பாலாடையோ அளவுக் கருவி அல்ல. அளந்த பிறகு பாலாடையில் ஊற்றிக் கொடுப்பதில் தவறில்லை, ஒட்டியிருப்பதையும் வழித்துக் கொடுத்தால் போதும்.
4. சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது பாலுடன் கொடுத்தால் வாந்தி குறையும். கன்னத்தின் உட்பக்கமாகச் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும்.
5. சிரப் கிடைக்காவிட்டால் கேப்சூலைத் திறந்து இனிப்பான பாகில் கலந்து கொடுக்கலாம், மருத்துவரோ மருந்தாளுநரோ அளவு சொன்னால் மட்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது.
6. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளைக்கு 2 மணி நேரமே இருந்தால் விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.
7. காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டாலும் 5 நாளையும் முடிக்க வேண்டும்.

பக்க விளைவுகள்

வாந்தி, வயிற்று வலி, தலைவலி ஆகியவை சாதாரணம். பெரும்பாலும் முதல் இரண்டு நாளோடு போய்விடும். கொடுத்த உடனே வாந்தி எடுத்தால் மறுபடி கொடுப்பதா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். தடிப்பு, முக வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் ஒவ்வாமை. மருந்தை நிறுத்தி உடனே காட்ட வேண்டும்.

பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது மனக்குழப்பம் பற்றிய செய்தி. ஜப்பானில் மருந்து எடுத்த பதின்வயதினர் சிலர் பிதற்றலில் மாடியிலிருந்து விழுந்ததாகச் செய்திகள் வந்த பிறகு, 2007இல் அந்நாடு 10 முதல் 19 வயதினருக்கு அதைத் தடுத்தது. மருந்துக்கும் அந்நிகழ்வுகளுக்கும் காரணத் தொடர்பு நிறுவப்படாததால் 2018இல் தடை நீக்கப்பட்டது. ஃப்ளூ காய்ச்சலே பிதற்றலை உண்டாக்கும் என்பதுதான் இதில் சிக்கல். எனவே மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதல் இரண்டு இரவு குழந்தையைத் தனியாகப் படுக்கவைக்கக் கூடாது. மாடி வீடு என்றால் பால்கனிக் கதவைத் தாழிட வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

அண்ணனுக்கு எழுதிய சிரப்பில் மிச்சம் இருப்பதைத் தம்பிக்குக் கொடுப்பது. எடையும் வேறு, நோயும் வேறாக இருக்கலாம்.

ஆன்டிபயாடிக்கும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் ஒன்றென்று நினைப்பது. அசித்ரோமைசின் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது.

காய்ச்சல் மருந்தை இரண்டு பெயரில் இரண்டு தடவை கொடுப்பது. சளி சிரப்பிலும் பாராசிட்டமால் இருக்கலாம்; பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் கலந்த சிரப்களும் நிறைய உண்டு. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரோஃபெனும் மெஃபனமிக் அமிலமும் கூடாது; காய்ச்சலுக்காக ஆஸ்பிரின் எப்போதுமே கூடாது.

மருந்து வேண்டாம் என்று முடிவானால்

சும்மா இருப்பது அல்ல இது. பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, குழந்தை சிரமப்பட்டால் மட்டும். சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் வலிமை வேறு. சிரப்பிலேயே 5 மி.லி.யில் 125, 250 மி.கி. என இரண்டு வகை உண்டு. கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ், தாய்ப்பால் அடிக்கடி. இருமல் சிரப் வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைகால் கலந்த இருமல் சிரப்பால் குழந்தைகள் இறந்ததையடுத்து, 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளை எழுதக் கூடாது என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது.

நாளைக்கு மூன்று முறை மூச்சை எண்ணி, சிறுநீர் போகும் தடவைகளைக் குறித்துவைத்தால் போதும். 48 மணி நேரத்தில் தெளிவு தெரியாவிட்டால் மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும். இரவில் சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

வீட்டிலுள்ள மற்ற குழந்தைகள்

நோய் வராத குழந்தைக்குத் தடுப்பாக ஓசல்டமிவிர் நாளைக்கு ஒரு வேளை கொடுக்கும் முறை உண்டு. அது எல்லா வீட்டுக்கும் அல்ல. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தை போன்ற விதிவிலக்குகளுக்கு. காய்ச்சல் மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் நோயுற்ற குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

இம்மருந்து தடுப்பூசிக்கு மாற்று அல்ல. ஃப்ளூ தடுப்பூசி 6 மாதம் நிறைந்ததிலிருந்து ஆண்டுதோறும் போடலாம். 9 வயதுக்குக் கீழ் முதல் தடவை போடும்போது 4 வார இடைவெளியில் இரண்டு தவணை. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் போட முடியாது. அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, தாய் கர்ப்பகாலத்தில் போட்டுக்கொள்ளும் ஊசியிலிருந்து வருவதுதான்.